இரவல் முகம்

வேடம் புனைதலை வெறுப்போர் அல்லோம் நாம். அரசனாய், ஆண்டியாய், நீதி கேட்கும் நங்கையாய் மேடையில் நின்று பேசிய வேடங்கள்தாம் தமிழகத்தின் மூலை முடுக்கெல்லாம் புதிய எண்ணத்தைக் கொண்டு சேர்த்தன. பொதுக்கூட்டத்துக்கு வர அஞ்சியவரும் நாடகக் கொட்டகைக்கு வந்தார். வந்தவர் சிந்தித்தவாறு வீடு திரும்பினார். ஆகவே, இன்றைய இளைஞர்கள் கைப்பேசியிலே கூடி, ஆளுக்கொரு கற்பனை மாந்தராக மாறி, ஒருவர் ஒரு வரி எழுத, இன்னொருவர் மறுவரி எழுத, கதையொன்றை நாள்தோறும் வளர்த்துச் செல்லும் விளையாட்டைக் கண்டு, 'காலம் கெட்டது' என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்ளும் கூட்டத்தில் நாம் சேரமாட்டோம். 'ரோல்பிளே' என்று மாணவர்கள் அதனை வழங்குகின்றனர். பாத்திர விளையாட்டு என்று நாம் சொல்லுவோம்.

ஏற்காட்டு மலையில் ஆசிரியப் பணி ஏற்று மூன்றாண்டுகள் ஆகின்றன. வகுப்பறையில் பெயர் சொல்லி அழைத்தாலும் தலை நிமிராத மாணவன் ஒருவன், அந்த விளையாட்டில் படைத்தலைவனாகிப் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்ததை அவனே கொண்டுவந்து காட்டப் படித்திருக்கிறோம். பிழை மலிந்த தமிழ்தான். ஆனால் அச்சம் நீங்கிய தமிழ்! கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரியில் முடிப்பவன், தானே தேடிக்கொண்ட மேடையில் நானூறு வரி எழுதுகிறான் என்றால், குறை அவனிடமா, நாம் கொடுக்கும் தலைப்பிலா என்று எண்ணவேண்டியவர் ஆசிரியர்தாம். எனவே நம் வழக்கு விளையாட்டின் மீதன்று. அதிலே அணியப்படும் முகத்தின் மீது.

விளக்கிச் சொல்லுவோம். இவ்விளையாட்டில் கற்பனை மாந்தருக்குப் பெயர் வைப்பார்கள். வயதும் ஊரும் உறவும் எழுதுவார்கள். குணமும் கோபமும் குறிப்பார்கள். பிறகு, 'இவள் இப்படி இருப்பாள்' என்று காட்ட ஒரு நிழற்படம் ஒட்டுவார்கள். வரைந்த படமன்று, எங்கோ உயிரோடு உலவும் ஒருவரின் படம். இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஃபேஸ் கிளெய்ம்' — முகத்துக்கு உரிமை கோருதல்! ஒருவர் ஒரு முகத்தை எடுத்துக்கொண்டால், அதே குழுவில் மற்றவர் அதனை எடுக்கலாகாது என்று விதி வைத்திருக்கும் குழுக்கள் உண்டு. எந்த முகம் யார் கையில் என்று பட்டியலிட்டுக் காக்கும் குழுக்களும் உண்டு. எடுத்தவர்களுக்குள் சச்சரவு வரலாகாதென்று எத்தனை ஒழுங்கு, எத்தனை சட்டம்! அந்தப் பட்டியலில் காணாத பத்தி ஒன்றே ஒன்றுதான் — முகத்துக்கு உரியவர் இசைந்தாரா என்பது.

உரிமை கோருதல் என்ற சொல் இந்த மலைக்குப் புதிதன்று. 1820களில் சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் காப்பிச் செடியை இங்கே கொண்டுவந்தார். பின்னர் வெள்ளைத் துரைமார் வந்தனர், தோட்டங்கள் பெருகின, வேலிகள் நீண்டன. சேர்வராயன் மலையிலே தலைமுறை தலைமுறையாகத் தினையும் சாமையும் விதைத்து வாழ்ந்த மக்கள், அந்த வேலிக்குள்ளேயே கூலிக்குப் போயினர். இம்மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தார் அல்லர், தமிழ் பேசுவோர், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தோம் என்று வழிவழியாகக் கதை சொல்லுவோர். அங்கே ஆள் இருப்பதைக் கணக்கில் கொள்ளாமல் எல்லைக் கல் நடுவது எப்படியிருக்கும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. இன்று எல்லைக் கல் நிலத்தில் அன்று, முகத்தில் நடப்படுகிறது. அவ்வளவே வேறுபாடு.

நாம் கண்ட ஒன்றைக் கூறுவோம்.

முந்திய ஆண்டுக் கோடை. மலர்க் கண்காட்சியைக் காணச் சேலத்துச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வால் பிடித்து ஏறிய நாள்கள். பன்னிரண்டாம் வகுப்பை அப்போதுதான் முடித்திருந்த மலைப்பெண் ஒருத்தி, சாலையோரத்தில் பலாச்சுளை விற்கும் அத்தைக்குத் துணையாக நின்றாள். சுளை வாங்கிய பயணி ஒருவர் 'ஒரு படம்' என்றார். அவள் சிரித்தாள். அவர் எடுத்தார், மலையின் அழகு என்று தலைப்பிட்டுத் தம் பக்கத்தில் போட்டார். அங்கிருந்து அந்தப் படத்தை வேறொருவர் எடுத்தார். முன்பின் அறியாத ஊரிலிருந்து, முன்பின் அறியாத ஒருவர். பாத்திர விளையாட்டுக் குழு ஒன்றில், நகரத்திலிருந்து வரும் வாலிபர்களை மயக்கிக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் ஒரு மோகினிக்கு அந்த முகம் ஒட்டப்பட்டது. பெயர் வேறு, வயது வேறு, ஒழுக்கம் குறித்து எழுதப்பட்டவையோ இங்கே எடுத்தெழுதத் தக்கவை அல்ல. அறுபது எழுபது பேர் மாதக்கணக்கில் அந்தக் கதையை வளர்த்தனர்.

சேலத்தில் படிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் கண்டான். அன்று மாலையே செய்தி மலையேறிவிட்டது. செய்தி ஏறும்போது 'கதை' என்ற சொல் எங்கோ ஒரு வளைவில் உதிர்ந்துபோயிற்று. படமும் பழியும் மட்டும் ஊர் வந்து சேர்ந்தன. செவிலியர் படிப்புக்கு மனுப் போட்டிருந்த பெண் வீட்டுக்குள் வைக்கப்பட்டாள்.

நாமும் உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவரும் அந்த வீட்டுக்குச் சென்றோம். தந்தை கொடுமைக்காரர் அல்லர். காப்பிப் பழம் பறித்துக் கிடைத்த கூலியில் மகளைப் பன்னிரண்டு வகுப்பு படிக்கவைத்தவர். "படிச்சது போதும் டீச்சரம்மா. கீழ அனுப்பினா இன்னும் என்னென்ன படம் வருமோ" என்றார். "வீடு புகுந்தவன் ஒருவன், பூட்டி வைப்பது களவு கொடுத்தவளையா, ஐயா?" என்று கேட்டோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் நின்ற மகள்தான் விடை சொன்னாள்: "அவ பேரு வேற டீச்சர். ஆனா ஊரு என் மூஞ்சியத்தான் பாக்குது."

முகத்தை இரவல் எடுப்பது குறித்து எத்தனை ஏடு எழுதினாலும் இந்த இரண்டு வரிக்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. கற்பனைக்கு அழியும் வசதி உண்டு. விளையாட்டு சலித்தால் மோகினி மறைவாள். முகத்துக்கு அந்த வசதி இல்லை. அது மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கப் போகவேண்டும், பேருந்தில் ஏறவேண்டும், நேர்முகத் தேர்வுக்கு நிற்கவேண்டும்.

விளையாட்டின் வழி அறிந்த மாணவன் ஒருவன் துணையோடு குழுவின் நிர்வாகிக்கு எழுதினோம். இரண்டு நாளில் படம் நீக்கப்பட்டது. படத்தை ஒட்டியவர் கல்லூரி மாணவர்; மன்னிப்பும் கேட்டு எழுதினார். அவர் எழுதியதில் ஒரு வரி மனத்தைவிட்டு அகலவில்லை: 'யாருன்னு தெரியாத முகமா இருக்கட்டும்னுதான் எடுத்தேன். நடிகை படம் போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடும், கதை ஒட்டாது.'

தோழர்களே, இந்த வரியை ஊன்றிப் படியுங்கள். அவள் யாரோ ஒருத்தி என்பதே அவளை எடுப்பதற்குக் காரணம்! பெயரில்லாதவள், பின்னால் ஆளில்லாதவள், வழக்குரைஞர் இல்லாதவள். ஆகவே காலியிடம், ஆகவே குடிபுகலாம். தீய நெஞ்சத்தோடு எழுதிய வரியன்று அது. அதனால்தான் அஞ்சுகிறோம். தீயவனைத் திருத்தலாம், தண்டிக்கலாம். 'இதிலே என்ன தவறு?' என்று வெள்ளை உள்ளத்தோடு கேட்பவனை என்ன செய்வது?

புகழ் பெற்றோரின் நிலை வேறு. 2014-இல், நடிகர் ரஜினிகாந்த் தம் பெயரையும் உருவத்தையும் பேச்சுப் பாணியையும் ஓர் இந்திப் படம் பயன்படுத்துவதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினார். நீதிமன்றம் தடை விதித்தது. அவர் பக்கம் நியாயம் இருந்தது, மகிழ்கிறோம். ஆனால் இவ்வுரிமை புகழ் நிலையை எய்தியவர்களைச் சாரும் என்ற கருத்தும் அத்தீர்ப்பிலே உண்டு. பலாச்சுளை விற்றவள் எந்தப் புகழை எய்தினாள்?

2023 நவம்பரில் நடந்ததை நினைவு கூருங்கள். நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தைப் பொருத்திய பொய்ப் படச்சுருள் ஒன்று நாடெங்கும் பரவிற்று. அமைச்சர்கள் பேசினர், ஏடுகள் தலையங்கம் தீட்டின, வேண்டியதுதான். ஆனால் அந்த முகம் ஒட்டப்பட்ட உடல் காற்றில் முளைத்ததா? அதுவும் உயிருள்ள வேறொரு பெண்ணின் உடல். அவர் தாமே எடுத்து வெளியிட்ட படச்சுருள் அது. முகத்தை இழந்தவருக்காகப் பேசிய நாடு, முகம் அறுக்கப்பட்டவருக்காகப் பேசியது எவ்வளவு? ஒருவருக்கு இழைத்த தீங்கைத் தேசத்தின் தீங்காகவும், மற்றவருக்கு இழைத்த தீங்கை அடிக்குறிப்பாகவும் காணப் பழகிய கண்கள் நம்முடையவை. அந்தக் கண்களைத்தான் முதலில் கழுவவேண்டும்.

இப்பழக்கம் கைப்பேசி பெற்ற பிள்ளையும் அன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதற்குப் பாட்டனார் இருந்தார்.

1857 கிளர்ச்சியை அடக்கிய பின்னர், இந்நாட்டு மக்களை வகை பிரித்து அறியவேண்டும் என்ற ஆசை ஆங்கில ஆட்சிக்குப் பெருகியது. 1868 முதல் 1875 வரை, ஃபோர்ப்ஸ் வாட்சன், கேய் என்ற இருவர் தொகுத்த 'இந்திய மக்கள்' என்ற நிழற்பட நூல் எட்டுத் தொகுதிகளாக லண்டனில் வெளிவந்தது. 460-க்கும் மேற்பட்ட படங்கள். படத்தில் இருப்பவர் உயிருள்ள மனிதர். கீழே எழுதியிருப்பதோ பெரும்பாலும் அவர் பெயரன்று. அவர் சாதியின் பெயர், குடியின் பெயர். அதனோடு ஒரு நற்சான்று அல்லது துற்சான்று: இவர்கள் உழைப்பாளிகள், இவர்கள் நம்பத்தகாதவர்கள், இவர்கள் முரடர்கள்! படத்தில் நின்றவன் என்ன செய்தான் என்று எவரும் கேட்கவில்லை. அவன் முகம் ஒரு பாத்திரத்துக்குக் கொடுக்கப்பட்டது. பாத்திரத்தை எழுதியவர் வேறு. முகம் கொடுத்தவர் வேறு. இன்றைய விளையாட்டுக்கும் அதற்கும் வேறுபாடு சொல்லுங்கள் பார்ப்போம்!

அந்த நூல் என்ன செய்தது? 1869-இல் சையத் அகமது கான் தம் மக்களோடு லண்டன் சென்றிருந்தார். இந்தியா அலுவலகத்தில் அவர் மகன் அந்த நூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஆங்கில இளைஞர் ஒருவர் அருகே வந்து, நீர் இந்துஸ்தானியா என்று கேட்டாராம். ஆம் என்று சொல்லும்போதே மகனின் முகம் நாணத்தால் சிவந்தது. தாம் படத்தில் உள்ள பழங்குடியினர் அல்லர், தம் முன்னோர் வேற்று நாட்டினர் என்று விரைந்து விளக்கினார். சையத் அகமது கானே இதனைப் பதிவு செய்திருக்கிறார். பிறர் எழுதிய பாத்திரம் முகத்தின் மேல் ஒட்டிக்கொண்டால் நேர்வது இதுதான். ஒட்டப்பட்டவன் மட்டுமா இழிவுறுகிறான்? பக்கத்தில் நிற்பவனும், 'நான் அவனில்லை' என்று விலகி ஓடுகிறான்.

அடுத்து நம் சென்னைக்கே வருவோம். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1909-இல் ரங்காச்சாரியின் துணையோடு 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற ஏழு தொகுதிகளை வெளியிட்டார். மூக்கின் அகலம், மண்டையின் நீளம், மார்பின் சுற்றளவு — அனைத்தையும் கருவி கொண்டு அளந்தார், படமும் எடுத்தார். நம் சேர்வராயன் மலையாளிகளும் அந்நூலின் நான்காம் தொகுதியில் இருக்கின்றனர். அதன் முன்னுரையில் அவர் சில நிகழ்ச்சிகளை வேடிக்கையாகச் சொல்லிச் செல்லுகிறார். வயநாட்டுப் பணியர் குலப் பெண்கள், தம்முள் தேர்ந்த சிலரைப் பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்று அஞ்சினராம். நீலகிரி இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்று கருதி மறுத்தாராம்.

படித்தவர்கள் நூறாண்டுகளாக இதைப் படித்துச் சிரிக்கிறார்கள். 'படம் பிடித்தால் உயிர் போகும் என்று நம்பும் பாமர மக்கள்' என்று ஏளனம் செய்கிறார்கள். பகுத்தறிவாளர்களாகிய நாம் சிரிக்கலாமா? உயிர் போகாது என்பது நமக்குத் தெரியும். மூடநம்பிக்கை எதுவாயினும் மூடநம்பிக்கையே. அதற்குப் பரிந்து பேச நாம் வரவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் அஞ்சியதைச் சற்றே உரித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது ஒரு கேள்வி: 'என் உருவத்தை எடுத்துச் சென்று எங்கே வைப்பாய்? யார் பார்ப்பார்? என்னவென்று எழுதி வைப்பாய்?' பஞ்சடைத்து நிறுத்துவார் என்று ஊகித்தது தவறு. கேட்ட கேள்வி தவறா? அருங்காட்சியகம் அவர்களை நிறுத்தத்தான் செய்தது, பஞ்சுக்குப் பதில் தாளில்! ஏடறியாத அந்தப் பெண்களுக்குத் தோன்றிய கேள்வி, கல்லூரி வாசல் கண்ட நமக்குத் தோன்றவில்லை என்றால், எவர் பக்கம் பகுத்தறிவு என்று எண்ணிப் பாருங்கள்.

சிலர் மறுப்புரைப்பர். அவற்றையும் கேட்போம்.

'பொதுவெளியில் கிடந்த படந்தானே' என்பர் சிலர். திண்ணையில் காயும் துணியும் பொதுவெளியில்தான் கிடக்கிறது. எடுத்து உடுத்துவோமா? அந்தப் பெண் சிரித்தது சுளை வாங்கியவரின் படத்துக்காக. மோகினிக்காக அன்று. ஒன்றுக்குத் தந்த இசைவை எல்லாவற்றுக்கும் தந்ததாகக் கொள்வது, ஒருவேளை சோறிட்ட வீட்டைத் தன் வீடென்று பட்டா எழுதிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

'நல்ல பாத்திரத்துக்குத்தானே வைத்தேன், வீராங்கனையாகத்தானே எழுதினேன்' என்பர் வேறு சிலர். இதற்கு விடை 1994-லேயே தரப்பட்டிருக்கிறது. 'நக்கீரன்' இதழாசிரியர் தொடுத்த வழக்கிலே உச்சநீதிமன்றம் தனிவாழ்வுரிமையை விளக்கியது. ஒருவர் பெயரையோ உருவத்தையோ அவர் இசைவின்றி, விளம்பரத்துக்காயினும் வேறொன்றுக்காயினும் பயன்படுத்தினால் அவ்வுரிமை மீறப்படுகிறது என்றது. இசைவின்றி ஒருவர் வாழ்க்கையை எழுதி வெளியிடுவதும் அவ்வாறே. புகழ்ந்து எழுதினாலும் சரி, இகழ்ந்து எழுதினாலும் சரி என்றது. பொது ஆவணங்களில் உள்ள செய்திக்கும், அதிகாரிகளின் அலுவல் நடத்தைக்கும் மட்டும் வேறு விதி சொன்னது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த ஆயம், தனிவாழ்வுரிமை அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாக உரைத்தது. அந்த உரிமை நடிகருக்கென்று தனியாக அச்சடிக்கப்பட்டதன்று. குடிமக்கள் அனைவருக்கும் உரியது.

'அப்படியானால் எந்திரம் படைக்கும் முகத்தைப் போடுகிறோம். அதற்கு உரியவர் எவருமில்லையே' என்பர் இன்னும் சிலர். ஒருவர் தலையில் முழுச் சுமையையும் ஏற்றுவதைவிட அது மேல்தான். ஆனால் 'எவருமில்லை' என்று சொல்லிவிட முடியாது. 2019-இல், உலகில் இல்லாத மனிதர்களின் முகங்களைக் கணத்துக்கொன்றாகக் காட்டி ஓர் இணையப் பக்கம் வியப்பூட்டிற்று. அந்த எந்திரம் முகம் கற்றது எங்கே? ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் மக்கள் ஏற்றிய படங்களிலிருந்து சேர்த்த 70,000 முகங்களில்! பகிரலாம் என்ற உரிமத்தோடு ஏற்றிய படங்கள்தாம். ஆனால் உரிமம் அளிப்பவர் படத்தை எடுத்தவர். படத்தில் இருப்பவர் வேறொருவராயிருந்தால் அவரை யார் கேட்டார்? எந்திரமும் இரவலில்தான் பிழைக்கிறது. அதையும் அறிந்து பயன்படுத்துவதே அறிவுடைமை.

இரவல் என்ற சொல்லை எடுத்தோம். அதனையும் தெளிவாக்கிவிடுவோம். இரவல் என்பது கேட்டு வாங்குவது, திருப்பித் தருவது. திருமணத்துக்குப் போகப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சங்கிலி இரவல் கேட்பர் நம் ஊர்ப் பெண்கள். இரவோடு இரவாகத் திருப்பித் தருவர். கேளாமல் எடுப்பதும், திருப்பித் தர இயலாததும் இரவல் ஆகாது. அதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது; நீங்கள் அறிவீர்கள்.

இளைஞர்களுக்கு இவ்வளவு சொன்னோம். பெரியவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. அது இன்னும் கடுமையான சொல்.

படத்தை எடுத்தவன் செய்த தீங்குக்கு இரண்டு நாளில் மருந்து கிடைத்தது. ஊர் செய்த தீங்குக்கு ஓராண்டு ஆயிற்று. தந்தை மனம் இளகுவதற்குள் செவிலியர் படிப்பின் சேர்க்கை நாள் கடந்துபோயிற்று. மறு ஆண்டுதான் அவள் சேர்ந்தாள். அந்த ஓராண்டைக் களவாடியது எவர்? விளையாடிய இளைஞர் மட்டுமா? படத்தைக் கண்டதும் எடுத்தவனைத் தேடாமல், எடுக்கப்பட்டவளின் நடத்தையை அளக்கக் கோலெடுத்த ஊருக்கும் அதில் பங்கில்லையா? கற்பு என்ற சுமையைப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றிவைத்த சமுதாயத்தில், ஒரு பெண்ணை வீட்டுக்குள் தள்ள வன்முறையாளன் வேண்டுவதில்லை. ஒரு நிழற்படம் போதும்! முகத்தைக் களவாடுவோர் கையில் இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? நாம் கொடுத்தது. பழிக்கு அஞ்சிப் பெண்ணைப் பூட்டும் ஒவ்வொரு வீடும் அந்தக் கையை வலுப்படுத்துகிறது.

ஆகவே பெற்றோரே, உங்கள் மகளின் முகம் எங்கேனும் இழிவாய்க் காட்டப்பட்டதென்றால் நாணவேண்டியவள் அவளல்லள். அவளிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்காதீர்; புத்தகத்தைப் பிடுங்காதீர். படம் இருந்த பக்கத்தைப் படியெடுத்து வையுங்கள். நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். தளம் நடத்துவோருக்கு எழுதுங்கள். பிறர் உருவில் ஆள்மாறாட்டம் செய்யும் படங்களைப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு விதிகளே எழுதின. கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு சொல்லுகிறது. 1930 என்ற எண்ணில் சைபர் குற்ற உதவி கிடைக்கும். இவற்றையெல்லாம் அறிந்த ஆசிரியர் ஒருவராவது ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கவேண்டும். இருக்கும்படி செய்வது நம் கடமை.

இளைஞர்களே, உங்கள் கதைகளை நிறுத்தச் சொல்லவில்லை. இன்னும் எழுதுங்கள். முகம் வேண்டுமா? நண்பரிடம் கேளுங்கள், என்ன பாத்திரம், யார் பார்ப்பார், எத்தனை நாள் என்று சொல்லிக் கேளுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், இசைந்தவர் பின்னர் மனம் மாறினால் அன்றே எடுத்துவிடுங்கள். வயது பதினெட்டு நிறையாதவர் முகத்தைத் தொடவே தொடாதீர்கள். கேட்க வழியில்லையா? வரையுங்கள். வரைய வராதா? எழுத்தால் தீட்டுங்கள். கண் எப்படி, நடை எப்படி, கோபம் வந்தால் புருவம் என்ன செய்யும் என்று நாலு வரி எழுதினால், நாலாயிரம் முகத்தைப் படிப்பவன் தன் மனத்திலே தானே வரைந்துகொள்வான். நிழற்படம் ஒட்டுவது எழுதத் தெரியாதவன் ஊன்றும் கோல். உங்களுக்கோ கால் இருக்கிறது!

அடுத்த கோடையிலும் வண்டிகள் வளைவேறி வரும். ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் எத்தனையோ முகங்கள் படம் பிடிக்கப்படும். அவை காலி வீடுகள் அல்ல. ஒவ்வொன்றிலும் ஆள் குடியிருக்கிறார். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வாருங்கள்.